எட்டு நிறத்தில் ஒரு முகம்

ஜூலை 10, புதன்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாகத் தானாக வழிந்து நைட்டியை நனைத்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் இடது பாதி தொங்கிப்போயிருந்தது. கண்ணை மூடினால் வலது மூடுகிறது, இடது திறந்தே இருக்கிறது.

கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. தோசை ஊற்றினேன். ஒரு பக்கமாக மெல்லும்போது இன்னொரு பக்கக் கன்னத்துக்குள் போய் அடைத்துக்கொண்டது. விரலை விட்டு எடுத்தேன்.

ஜூலை 11, வியாழன்

பக்கவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னார். முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறதாம். பத்து நாளைக்கு மாத்திரை. இடது கண் இமைக்காததால் காய்ந்துபோகும், மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும், படுக்கும்போது டேப் ஒட்டி மூட வேண்டும். சரியாக மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் இன்னொன்றும் சொன்னாள். தினம் மூன்று வேளை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து புருவம் தூக்கணும், கன்னம் உப்பணும், ஈ, ஊ சொல்லணும். என்ன அசைகிறது என்று எழுதி வைக்கணும். அதற்குத்தான் இந்த டைரி. ஜனவரியில் கம்பெனியில் கொடுத்தது, ஒரு வரி எழுதியதில்லை.

இன்று அசைந்தது: ஒன்றுமில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஆபீசுக்கு போன் செய்து முட்டி வலி, மாடி ஏற முடியவில்லை என்றேன். ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். கம்ப்யூட்டர், வரைகிற டேப்லெட், சின்ன ஸ்கேனர் எல்லாம் ஊரடங்குக் காலத்திலிருந்து வீட்டில் இருக்கின்றன. பெட்ஷீட்டுக்கும் மேஜை விரிப்புக்கும் பூ வரைகிற வேலை. கரூரில் இருபத்து நான்கு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். காகிதத்தில் போஸ்டர் கலரில் வரைந்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் சுத்தப்படுத்தி அடுக்க வேண்டும். அதற்கு முகம் தேவையில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நவநீதன் புனேயிலிருந்து வழக்கம்போலப் பதினோரு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டான். எடுக்காமல் விட்டு, நானே சாதாரண அழைப்பில் கூப்பிட்டேன்.

"கேமரா என்னமோ ஆயிடுச்சு கண்ணு. கருப்பாத் தெரியுது."

"பேச்சு ஏம்மா குழறுது?"

"பல்லு புடுங்கினேன்."

நிச்சயதார்த்தம் ஆகஸ்ட் 25 என்று முடிவாகிவிட்டதாம். புனேயிலேயே, மேதா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். மேதா அவன் ஆபீசில் கூட வேலை செய்கிற பெண், அந்த ஊர்க்காரி. மே மாதம் இங்கே வந்தபோதுதான் சொன்னான். நான் அன்றைக்கே "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன்.

நல்ல செய்தி. மதியம் மாடி அறையைக் கூட்டித் துடைத்தேன். அவன் வந்தால் தங்குவதற்காகப் போன வருஷம் வெள்ளையடித்த அறை. தூசி இல்லை, சும்மா துடைத்தேன்.

ஜூலை 17, புதன்

முதலாளியின் மகன் ஹரி போன் செய்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். டெல்லி கண்காட்சியில் நம் கம்பெனி ஸ்டாலில் ஒரு சுவர் முழுக்க டிசைனர்கள் நாலு பேரின் முகமும் இருக்க வேண்டுமாம்.

"போட்டோ வேண்டாங்க்கா. எல்லாருந்தான் போட்டோ வைக்கறாங்க. நம்ம டிசைன் பண்ற மாதிரியே பண்ணுங்க. கையில வரைஞ்சு, ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல முடிச்சு, காட்டன்ல பிரிண்ட் எடுக்கலாம். அவங்கவங்க முகத்தை அவங்கவங்களே வரையோணும்."

"எனக்குப் பூ தானுங்க தம்பி வரும்."

"உங்க முகந்தானுங்க்கா. தெரியாதா உங்களுக்கு?"

ஆகஸ்ட் 10க்குள் வேண்டும். சரி என்றேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நிஜமாகவே ஒரு நிமிஷம் என்ன முட்டி என்று யோசித்தேன்.

ஜூலை 19, வெள்ளி

பயிற்சிக்கு எப்படியும் கண்ணாடி முன்னால் உட்கார வேண்டும். அதனால் கையில் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டேன்.

முதல் படம் முட்டைக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது படம் என் பெரியம்மா மாதிரி. மூன்றாவதில் இடது பக்கத்தை வரையாமல் விட்டேன்.

அசைந்தது: ஒன்றுமில்லை.

ஜூலை 21, ஞாயிறு

நவநீதன் பேசும்போதே போனை மேதாவிடம் கொடுத்துவிட்டான். "வணக்கம் அம்மா, நல்லா இருக்கீங்களா? நான் தமிழ் கத்துக்கறேன்" என்றாள். ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள்.

"அடுப்புல குழம்பு இருக்கு, அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. மதியம் தயிர்சாதம்.

ஜூலை 24, புதன்

இன்றோடு பதினெட்டுப் படம். மூக்கு பிடிபட்டுவிட்டது. செம்பருத்திக் காம்பைப் பிடிப்பது போலத்தான். எங்கே வளைகிறதோ அங்கே அழுத்தம் வேண்டும். கண்தான் வரவில்லை. வலது கண் பார்க்கிறது, இடது கண் திறந்திருக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பென்சிலில் எப்படிக் கொண்டுவருவது?

ஒரு நல்ல படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் இடது வலதாக இருக்கும். ஒரே ஒரு பொத்தான், முகம் திரும்பிக்கொண்டது. இதுதான் மற்றவர்கள் பார்க்கிற நான். ஐம்பத்தொரு வயதில் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

போனில் சார்ஜ் இல்லை. பதினோரு மணி தாண்டித்தான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இடது உதட்டோரம் துடித்த மாதிரி இருந்தது. துடிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தெருவில் எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். எதிர்வீட்டு ருக்மணியக்கா கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு போனேன்.

"ஏன் சாரதா, ஆளையே காணோம்? கண்ணுக்கு என்ன?"

"கண்ணு வலிங்க்கா. ஒட்டிக்கும், தள்ளியே நில்லுங்க."

எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். "பையனுக்கு நிச்சயமாமே, உங்க அண்ணன் சொன்னாரு. சந்தோசந்தானே?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஆபீசுக்கு முட்டி, மகனுக்குப் பல், எதிர்வீட்டுக்குக் கண். உடம்பில் இன்னும் எத்தனை இடம் பாக்கி இருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிப்பும் பாதிதான் வந்தது.

தேங்காய் சாதம் நன்றாக இருந்தது. சாப்பிட முக்கால் மணி நேரம் ஆனது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அவன் கூப்பிட்டான். ரயில் டிக்கெட் எடுக்கவா, கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் வருகிறாயா என்று கேட்டான். அந்த வாரம் டெல்லி கண்காட்சி வேலை இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணனும் அண்ணியும் கட்டாயம் வருவார்கள் என்றேன்.

"நீ?" என்றான்.

"பாக்கறேன்னு சொன்னேனே."

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வண்ணம் தீட்டத் தொடங்கிவிட்டேன். துணிக்கு வரைகிற பழக்கத்தில் எட்டு நிறத்துக்கு மேல் கை போக மறுக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போட்டு அச்சடிப்பார்கள், எட்டுக்கு மேல் கேட்டால் திட்டுவார்கள். இப்போது எத்தனை நிறம் வேண்டுமானாலும் அச்சாகும். ஆனாலும் எட்டே இருக்கட்டும்.

தோலுக்கு மூன்று. முடிக்கு ஒரு கருப்பு, ஒரு சாம்பல். உதட்டுக்கு ஒன்று, புடவைக்கு ஒன்று. மிச்சம் ஒன்றுதான். அதைக் கண்ணுக்குக் கீழே இருக்கிற நிழலுக்கு வைப்பதா, கண்ணின் வெள்ளைக்கு வைப்பதா என்று மதியம் முழுக்க யோசித்தேன். கடைசியில் வெள்ளைக்குக் காகிதத்தையே விட்டுவிட்டு நிழலுக்கு நிறம் வைத்தேன். காய்ந்ததும் ஸ்கேன் செய்து டேப்லெட்டில் தனித்தனி லேயராகப் பிரித்தேன். புருவத்தின் முடிகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகப் போட்டேன். நேரம் போனதே தெரியவில்லை. சொட்டு மருந்து இரண்டு தடவை விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 10, சனி

ஹரிக்கு அனுப்ப வேண்டிய நாள். படத்தைத் திறந்து வைத்து வெகுநேரம் பார்த்தேன். பிறகு அதை அப்படியே ஒரு பிரதி எடுத்து, இடது உதட்டோரத்தைத் தூக்கினேன். இமையைக் கொஞ்சம் இறக்கினேன். கன்னத்தை உள்ளே தள்ளினேன். இதழ் கோணிப்போன ரோஜாவை இப்படி ஆயிரம் தடவை நிமிர்த்தியிருக்கிறேன். பத்து நிமிஷ வேலை. சின்னதாக ஒரு சிரிப்பும் வைத்தேன்.

அந்தப் பிரதியைத்தான் அனுப்பினேன். ஹரி உடனே பதில் போட்டார்: "அக்கா, அப்படியே நீங்க தான்."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நவநீதன் வீடியோவில் கூப்பிடவே இல்லை. சாதாரண அழைப்பு. குரல் தணிந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். மேதாவப் புடிக்கலைன்னா நேராச் சொல்லிரு. ஒரு மாசமா கேமரா கெட்டுப்போச்சுங்கற, பல்லுங்கற, வேலைங்கற. அவகிட்ட ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்கற. அவ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தமிழ்ல என்ன பேசறதுன்னு எழுதி வெச்சுட்டு உக்காந்திருக்கா. மூஞ்சியக் காட்டாம இருக்கறதுக்கு, வேண்டாம்னே சொல்லியிருக்கலாம்."

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"அப்ப என்ன?"

அவன் வைத்துவிட்டான்.

எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறான். எனக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

துணி துவைத்தேன். மழை வந்து மறுபடி துவைத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இடது உதட்டோரம் நிஜமாகவே அசைந்தது. ஒரு நூல் அளவு. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. தெருமுனையில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள், ஒலிபெருக்கி மதியம் வரை பாடியது.

திருத்தாத படத்தை மறுபடி திறந்தேன். ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கோணல் எங்கே இருக்கிறது என்று அளந்து பார்ப்பதற்காக முகத்தை நடுவில் வெட்டினேன். இடது பாதியைத் திருப்பி இடதோடு ஒட்டினேன். வலது பாதியை வலதோடு ஒட்டினேன். பூ டிசைனில் சரிபாதி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இப்படிச் செய்வோம்.

இரண்டு இடதும் சேர்ந்த முகம் தூங்கி எழுந்த பெண் மாதிரி இருந்தது. சோர்ந்த முகம், அதில் வேறொன்றும் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு வலதும் சேர்ந்த முகத்தைப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. அதுதான் நோய் தொடாத பக்கம். உதட்டை உள்ளே இழுத்து, தாடையை இறுக்கி, புருவத்தை நெரித்துக்கொண்டு ஒரு பெண் என்னைப் பார்த்தாள். யாரோ எதையோ கேட்டு, கொடுக்க மாட்டேன் என்று சொல்லப்போகிறவள் மாதிரி.

ஒரு பக்கம் செத்துப்போனால் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் என்று நினைத்தேன். ஆனாலும் போனில் மே மாதத்துப் படத்தைத் தேடி எடுத்தேன். நவநீதன் ஊருக்குக் கிளம்பிய அன்று கரூர் ஸ்டேஷனில் என்னையும் சேர்த்து எடுத்த படம். மேதாவைப் பற்றிச் சொன்னதற்கு மறுநாள். அந்தப் படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டி, வலதை வலதோடு சேர்த்தேன்.

அதே பெண்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சமைக்கவில்லை. பன் வாங்கி டீயில் நனைத்துச் சாப்பிட்டேன்.

அவன் அப்பா இறந்தபோது நவநீதனுக்குப் பதினெட்டு வயது. படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு, வீட்டுக்குப் பக்கமாகக் கோயம்புத்தூருக்கே வந்துவிடுவேன் என்று அவனாகத்தான் சொன்னான். நான் கேட்கவில்லை. மாடி அறைக்கு வெள்ளையடித்ததும் நானாகத்தான். அவன் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

படத்தை முடித்துவிட்டேன். அச்செடுத்த படத்தின் மேலேயே தூரிகையால் வரைந்து, மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி பேனாவால் தொட்டு, காலையிலிருந்து அதே வேலை. இடது பக்கத்தை ஒன்றும் செய்யவில்லை. தொங்குவது தொங்கட்டும். வலது பக்கத்துக்குத்தான் இவ்வளவு நேரம். அந்த இறுக்கத்தை மறைக்காமல் வரைவது கஷ்டமாக இருந்தது. கை தானாகவே அதை இளக்கப் பார்க்கிறது. புருவத்தின் நெரிப்பை ஐந்து தடவை அழித்து வரைந்தேன்.

இடது கண் மணல் விழுந்தது போல உறுத்துகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பத்தரை மணிக்குப் படத்தை நவநீதனுக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. இரண்டு நிமிஷத்தில் கூப்பிட்டான்.

"நீ வரைஞ்சதாம்மா? கம்பெனிக்கா?"

"கம்பெனிக்கு வேற குடுத்துட்டேன். இது உனக்கு."

"ஏன் ஒரு பக்கம் இப்படி இருக்கு?"

"அப்படித்தான் இருக்கு. ஜூலை பத்துல இருந்து."

அதை வைத்துவிட்டு உடனே வீடியோவில் கூப்பிட்டான். எடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். உடனே பக்கத்தில் எங்கேயோ பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது. டாக்டர், மாத்திரை, நரம்பு, எல்லாம் சொன்னேன். தண்ணீர் குடிக்கும்போது வழிவதைக் குடித்தே காட்டினேன்.

"இதுக்குத்தான் ஒளிஞ்சுட்டு இருந்தியா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேம்மா. கோவம்னு நெனச்சேன்."

ஆமாம் என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவனே கதவைத் திறந்துவிட்டு நிற்கிறான்.

"கோவம் இருந்துச்சு" என்றேன்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மூஞ்சி இப்படி ஆகறதுக்கு முன்னாடியே இருந்துச்சு. எனக்கே தெரியல. இது வந்தது ஒரு சாக்காப் போச்சு. அந்தப் பொண்ணு மேல இல்ல, நவநீதா. அவளுக்குப் பதிலா வேற யாரு வந்திருந்தாலும் இதேதான். நீ இனி இங்க வர மாட்டேன்னு ஆயிருச்சில்ல, அதுக்கு."

"வர மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"நீ சொல்லல."

அவன் குனிந்துகொண்டான். வருவேன் என்றும் சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது. ஆனால் பொய் சொல்லாமல் இருந்தானே என்றும் இருந்தது.

வைக்கும் முன் அவன் கேட்டான்: "மேதாகிட்டச் சொல்லட்டுமா?"

"படத்தையும் காட்டு."

ஆகஸ்ட் 19, திங்கள்

விமான டிக்கெட் எடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து. அலமாரியிலிருந்து மாம்பழக்கலர் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிட்டது, திறக்க முடியவில்லை. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கருவிழியில் புண் என்றார். இமைக்காத கண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். மருந்து வைத்துக் கட்டிவிட்டார். இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், பத்து நாளைக்கு வெளியூர் போகவே கூடாது, தவறினால் பார்வை போய்விடும்.

நவநீதனிடம் சொன்னேன். நாள் தள்ளி வைக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மண்டபம், அந்த வீட்டு ஆட்கள், வெளியூர்ச் சொந்தம் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. என் இடத்தில் அண்ணனும் அண்ணியும் நின்று தட்டு மாற்றிக்கொள்ளட்டும்.

"நெஜமாவே டாக்டர் சொன்னாராம்மா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே வருத்தப்பட்டான். மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். அவன் மேல் தப்பில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஹரிக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். அந்தப் படத்துக்குப் பதிலாக வேறு தருகிறேன் என்றேன். பதறிப்போனார். உடம்பைப் பாருங்கக்கா, மற்றதெல்லாம் அப்புறம் என்றார். ஆனால் துணி அச்சாகி டெல்லிக்குப் போயாயிற்று. இந்நேரம் மூன்றடி உயரத்தில் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். சிரித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி கோணும்.

பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பத்து மணிக்கே சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். அண்ணன் மண்டபத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். நவநீதன் வெள்ளை வேட்டியில் இருந்தான். அவன் அப்பாவின் தோள். மேதா பச்சைப் புடவை, மூக்கில் பெரிய முத்து நத்து. இருவரும் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. மேதாவின் அம்மா, அப்பா, சித்தி, இன்னும் யார் யாரோ. ஒவ்வொரு முகமும் வந்து என் கண்கட்டையும் கோணல் வாயையும் பார்த்து ஒரு நொடி தயங்கி, பிறகு சிரித்து நமஸ்காரம் சொன்னது. நானும் சொன்னேன். மறைக்கவில்லை.

யாரோ கூப்பிட, போனை வைத்திருந்தவர் அதை ஒரு நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போனார். மண்டபத்து மின்விசிறியும் கொஞ்சம் சாமந்தித் தோரணமும் மட்டும் தெரிந்தன. மந்திரம் கேட்டது. அண்ணன் தட்டு வாங்கும்போது கனைப்பது கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், எதற்கு என்று தெரியவில்லை. பாத்திரச் சத்தம், சாப்பாட்டுக்குக் கூப்பிடும் சத்தம். நாற்காலிகள் இழுபட்டன. என் ஞாபகம் யாருக்கும் இல்லை. கல்யாண வீட்டில் அப்படித்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. வைத்துவிடலாம் என்று இரண்டு தடவை கையை நீட்டினேன். வைக்கவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிஷம் இருக்கும். மேலே ஒரு முகம் குனிந்தது. பச்சைப் புடவை.

"அம்மா? நீங்க... இன்னும் இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

அவள் போனை எடுத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், வேறு பக்கம் திரும்பவில்லை.

"படம் பார்த்தேன்" என்றாள். வார்த்தை தேடினாள். "கோவம்... நல்லா வரைஞ்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது பக்கம் முழுதாகவும் இடது பக்கம் ஒரு நூல் அளவும். அவளும் சிரித்தாள்.

அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. எனக்கு அவள் மொழி தெரியாது. இருவரும் அப்படியே இருந்தோம். பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர்கள் பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் தலையை மட்டும் திருப்பி, "ஒரு நிமிஷம், அம்மாகூட இருக்கேன்" என்று தமிழிலேயே சொன்னாள். அங்கே யாருக்கும் புரிந்திருக்காது.